பச்சைப்பிள்ளையின் குதிகாலில் எடுக்கும் சில சொட்டு ரத்தம் எதற்கு?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் பிள்ளை பெற்ற எந்த அம்மாவிடமும் ஜி6பிடி என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். "அது இருந்தா அந்துருண்டை போட்ட துணி ஆகாது, மஞ்சக்காமாலைய நல்லா கவனிக்கணும்" என்று பதில் வரும். இன்னும் தோட்டத்து லயன் வீட்டில் இருப்பவர்களானாலும் சரி, டவுனுக்கு வந்து தாமான் வீடு வாங்கியவர்களானாலும் சரி, அந்தப் பெயர் காதுக்குப் பழகிவிட்டது. பிள்ளை பிறந்ததும் ஆஸ்பத்திரியில் பார்க்கிறார்கள், முடிவைச் சொல்கிறார்கள், வீட்டுக்கு வரும் மிஸ்ஸியும், அதாவது நர்ஸும், அதை விசாரிக்கிறார்.

ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு பொருள் குறைவாக இருக்கும் அந்த ஜி6பிடி குறைபாடு, பெற்றோரிடமிருந்து வரும் பிறவி வளர்சிதை மாற்றக் கோளாறுகளில் ஒன்று. பெயர் நீளமாக இருப்பதால் பயப்பட வேண்டாம். நமக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றின் குடும்பப் பெயர் அது, அவ்வளவுதான். அந்தக் குடும்பத்தில் இன்னும் நூற்றுக்கணக்கான கோளாறுகள் உண்டு. தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றும் அபூர்வம். எல்லாவற்றையும் சேர்த்தால் சில ஆயிரம் பிள்ளைகளில் ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஒன்று இருக்கும். அவற்றில் சில, பிறந்த முதல் வாரத்திலேயே உயிரைப் பறிக்கக்கூடியவை. சில, உயிரை விட்டுவைத்து மூளை வளர்ச்சியைக் கெடுத்துவிடும். ஆனால் அவற்றில் கணிசமானவற்றைக் குதிகாலில் எடுக்கும் சில சொட்டு ரத்தத்தில் முன்கூட்டியே கண்டுபிடித்துவிடலாம். கண்டுபிடித்தால் பலவற்றுக்கு வழியும் இருக்கிறது. நம் ஊர்க் குடும்பங்கள் இதைப் பிள்ளை பிறப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை. பிறந்த பிறகு தெரிந்துகொள்ள நேரம் மிகக் குறைவு.

சரி, வளர்சிதை மாற்றம் என்றால் என்ன? நாம் சாப்பிடுவதை உடம்பு அப்படியே வைத்துக்கொள்வதில்லை. பாலிலுள்ள புரதத்தை, மாவை, கொழுப்பை உடைத்து, வேண்டியதை எடுத்து, வேண்டாததை வெளியே தள்ளுகிறது. இது ஒரே அடியில் நடக்கும் வேலை இல்லை. ஒரு பொருள் இன்னொன்றாகி, அது மற்றொன்றாகி, இப்படிப் படிப்படியாகப் போகும். ஒவ்வொரு படியிலும் அந்த வேலையைச் செய்ய ஒரு நொதி, அதாவது என்சைம், இருக்கிறது. அந்த நொதியை எப்படிச் செய்வது என்ற குறிப்பு மரபணுவில் இருக்கிறது. குறிப்பில் பிழை இருந்தால் நொதி சரியாக உருவாகாது.

செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். குலைகளை வெட்டி ரோட்டோரம் அடுக்கியாகிவிட்டது. லாரி வந்து ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போகவேண்டும். லாரி வரவில்லை என்றால் நஷ்டம் இரண்டு பக்கமும். ரோட்டோரத்தில் கிடக்கும் பழத்தில் அமிலம் ஏறிக் கெட்டுப்போகும். ஆலையிலோ பிழிய ஒன்றும் இருக்காது. நொதி இல்லாத உடம்பிலும் இந்த இரண்டும்தான் நடக்கிறது. மாறிப் போகவேண்டிய பொருள் தேங்கி நஞ்சாகிறது. அது மாறிக் கிடைக்கவேண்டிய பொருள் கிடைக்காமல் போகிறது.

எந்த நொதி இல்லை என்பதைப் பொறுத்துப் பிரச்சினை மாறும். பினைல்கீட்டோனூரியா என்ற கோளாறில், புரதத்திலிருந்து வரும் பினைலாலனின் என்ற அமினோ அமிலம் உடைபடாமல் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போய் மூளையைக் கெடுக்கும். கேலக்டோசீமியாவில், பாலிலுள்ள சர்க்கரையின் ஒரு பகுதி உடைபடாமல் கல்லீரலையும் கண்ணையும் தாக்கும். எம்சிஏடி குறைபாடு வேறு மாதிரி. அதில் நஞ்சு தேங்குவதை விட, சக்தி இல்லாமல் போவதே பெரிய ஆபத்து. வயிறு காலியாக இருக்கும்போது உடம்பு கொழுப்பை எரித்துச் சக்தி எடுக்கவேண்டும். அந்தப் பிள்ளையால் அது முடியாது. நேரத்துக்குப் பால் குடிக்கும் வரை ஒரு குறையும் தெரியாது. காய்ச்சலோ வாந்தியோ வந்து இரண்டு வேளை சாப்பிடாமல் கிடந்தால், ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கமாகிவிடும்.

இப்போது மிக முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இப்படிப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோர் பிறக்கும்போது நன்றாகவே இருப்பார்கள். எடை சரியாக இருக்கும், நன்றாக அழும், உடனே பால் குடிக்கும். "பிள்ளை கொழுகொழுன்னு இருக்கு, இதுக்கு என்ன டெஸ்டு?" என்று பாட்டிமார்கள் கேட்பது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் வயிற்றில் இருந்தபோது அந்தப் பிள்ளையின் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தது தாயின் உடம்பு. தேங்கியதெல்லாம் நஞ்சுக்கொடி வழியாகத் தாய்க்குப் போய், தாயின் கல்லீரல் அதைச் சரிபார்த்துவிட்டது. தொப்புள்கொடியை வெட்டிய நொடியிலிருந்து பிள்ளை தன் சொந்த நொதிகளை நம்பியே இருக்கவேண்டும். பால் குடிக்கக் குடிக்கப் புரதம் உள்ளே போகிறது, தேக்கம் தொடங்குகிறது. அது வெளியே தெரிய இரண்டு மூன்று நாளாகும். சிலவற்றுக்கு மாதங்கள் ஆகும்.

மேப்பிள் சிரப் சிறுநீர் நோய் என்று ஒன்று இருக்கிறது. மலேசியக் குழந்தைகளிடம் கண்டறியப்பட்டுவரும் கோளாறு இது. லூசின், ஐசோலூசின், வாலின் என்ற மூன்று அமினோ அமிலங்களை உடைக்கும் நொதி வேலை செய்யாததால் வருவது. கடுமையான வகையில், முதல் இரண்டு நாள் பிள்ளை இயல்பாக இருக்கும். மூன்றாம் நாள் வாக்கில் பால் குடிப்பது குறையும். அப்புறம் எழுப்பினாலும் கண் திறக்காமல் தூங்கும். உடம்பு ஒரு நேரம் துவளும், ஒரு நேரம் விறைத்து வளையும். வலிப்பு வரும். ஒரு வாரம், பத்து நாளில் நினைவு தப்பிவிடும். காதுக்குள் இருக்கும் குறும்பியிலும் சிறுநீரிலும் கருக்கிய சர்க்கரை மாதிரி ஒரு வாசம் வரும். கனடாவில் மேப்பிள் மரத்துப் பாகுக்கு அந்த வாசம் உண்டு என்பதால் அந்தப் பெயர்.

இதில் நம் வீடுகளுக்கென்று ஒரு சங்கதி இருக்கிறது. வெந்தயத்துக்கும் அதே வாசம். இரண்டிலும் இருப்பது சோட்டலோன் என்ற ஒரே பொருள். பால் நன்றாக ஊறட்டும் என்று பச்சை உடம்புக்காரிக்கு வெந்தயக் களியும் வெந்தயக் கஞ்சியும் கொடுப்பது நம் பழக்கம். தாய் நிறைய வெந்தயம் சாப்பிட்டதால் ஆரோக்கியமான குழந்தையின் சிறுநீரில் அந்த வாசம் வந்து, டாக்டர்கள் இந்த நோயைச் சந்தேகித்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அதனால் வெந்தயம் கெடுதல் என்று அர்த்தமில்லை. குழந்தையிடம் இனிப்பு வாசம் வருகிறது என்று டாக்டரிடம் சொல்லும்போது, வெந்தயம் சாப்பிடுவதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். முடிவு செய்ய வேண்டியது ரத்தப் பரிசோதனை. மூக்கை மட்டும் நம்பக்கூடாது, வெந்தயத்தால்தான் என்று நாமே தீர்மானித்து வீட்டில் உட்கார்ந்துவிடவும் கூடாது.

முன்பெல்லாம் தோட்டங்களில் பிள்ளை எட்டாம் நாள், பத்தாம் நாள் இறந்துபோனால் தோஷம் தட்டிவிட்டது, கண் பட்டுவிட்டது என்பார்கள். அந்தச் சாவுகளில் பல தொற்றுநோயால் வந்தவை. ஆனால் ஒரே தாய்க்கு, நன்றாகப் பிறந்த பிள்ளைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே மாதிரி துவண்டு இறந்திருந்தால், இந்தக் கோளாறுகளில் ஒன்றாக இருந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அந்தத் தாய்மார்களைச் சுற்றி எத்தனை பழிச்சொல்! மனசு ஆறவே மாட்டேன் என்கிறது.

"பிறந்த உடனே தொப்புள்கொடியில ரத்தம் எடுத்தாங்களே, அதுல எல்லாம் பாத்திருப்பாங்க" என்று பலர் நினைக்கிறார்கள். இது தெளிவாகவேண்டிய இடம். மலேசியாவில் நாடு முழுவதும் அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி ரத்தத்தில் இரண்டு விஷயம் பார்க்கிறார்கள். ஒன்று ஜி6பிடி. இன்னொன்று தைராய்டு சுரப்பி பிறவியிலேயே சரியாக வேலை செய்கிறதா என்பது. ஜி6பிடி நொதி பிள்ளையின் சொந்தச் சிவப்பணுக்களுக்குள் இருக்கிறது. தைராய்டைத் தூண்டும் ஹார்மோனும் பிள்ளையின் மூளைக்கடியில் சுரப்பது. அதனால் இவை இரண்டும் கொடி ரத்தத்திலேயே தெரிந்துவிடும். தைராய்டு குறைபாட்டைப் பிறந்த இரண்டு வாரத்துக்குள் கண்டுபிடித்து, தினமும் ஒரு சின்ன மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தால், மூளை வளர்ச்சி குன்றாமல் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போலவே பள்ளிக்கூடம் போகும். இதைவிட மலிவாக ஒரு வாழ்க்கையைக் காப்பாற்றும் வேறு மருந்து எனக்குத் தெரிந்து அதிகமில்லை.

ஆனால் மேப்பிள் சிரப் நோயும் பினைல்கீட்டோனூரியாவும் கொடி ரத்தத்தில் தெரியாது. அந்த நேரம் வரை தாய்தானே சுத்தம் செய்துகொண்டிருந்தாள். அளவுகள் சரியாகவே இருக்கும். பிள்ளை சில வேளை பால் குடித்த பிறகு, 24 மணி நேரம் தாண்டி, 72 மணி நேரத்துக்குள் எடுக்கும் ரத்தத்தில்தான் தேக்கம் தெரியத் தொடங்கும். ரொம்ப முன்னால் எடுத்தால் நோய் இருந்தும் இல்லை என்று வரலாம். ரொம்பத் தள்ளிப்போனால் பிள்ளைக்கு ஆபத்து. குதிகால் பரிசோதனைக்கு இவ்வளவு நேரக் கணக்கு பார்ப்பது இதனால்தான்.

இந்தப் பரிசோதனைக்கு அடிப்படை போட்டது ஒரு தாயின் பிடிவாதம். நார்வே நாட்டில் போர்க்னி ஏகலண்ட் என்ற பெண்ணுக்கு இரண்டு பிள்ளைகள். இருவருக்கும் மூளை வளர்ச்சியில்லை. பிள்ளைகளின் மேலும் சிறுநீரிலும் ஏதோ ஒரு புழுங்கல் நாற்றம் வருகிறதே என்று டாக்டர் டாக்டராக அலைந்தார். கடைசியில் 1934-ஆம் ஆண்டு அஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற மருத்துவர் அந்தச் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு ஊற்றிப் பார்த்தார். அது பச்சையாக மாறியது. வழக்கமாக வராத நிறம். அதைத் துருவித் துருவித்தான் பினைல்கீட்டோனூரியாவைக் கண்டுபிடித்தார். 1950-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஹோர்ஸ்ட் பிக்கல் என்பவர், பினைலாலனினைக் குறைத்துச் செய்த உணவைக் கொடுத்து ஒரு சிறுமியின் நிலையைத் தேற்றிக் காட்டினார். அங்கேயும் பின்னால் நின்றது, ஏதாவது செய்யுங்கள் என்று தினமும் வாசலில் வந்து நின்ற ஒரு தாய்தான். ஆனால் அந்தச் சிறுமிக்கு ஏற்கெனவே ஏற்பட்டிருந்த பாதிப்பை முழுக்கத் திருப்ப முடியவில்லை. பாதிப்பு வருமுன்னே கண்டுபிடித்தாக வேண்டும் என்பது அப்போது புரிந்தது.

அதற்கு வழி செய்தவர் அமெரிக்காவின் ராபர்ட் கத்ரி. அவருடைய மகனுக்கு மூளை வளர்ச்சிக் குறைபாடு இருந்தது; உறவிலேயே ஒரு சிறுமிக்குப் பினைல்கீட்டோனூரியா இருந்தது. 1960-களின் தொடக்கத்தில், வடிதாளில் உலர்த்திய ரத்தச் சொட்டிலிருந்தே இதைக் கண்டுபிடிக்கலாம் என்று காட்டினார். குப்பியில் ரத்தம் எடுத்து ஐஸில் வைத்துக் கொண்டுபோக வேண்டியதில்லை. தாளைக் கடித உறையில் போட்டு அனுப்பினால் போதும். பெரிய ஆய்வகம் ஊருக்கு ஊர் இல்லாத இடங்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதை, எதற்கெடுத்தாலும் ஈப்போவுக்கு ஓடும் நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

குதிகாலில் குத்துவது பார்க்கக் கஷ்டமாக இருக்கும், ஆனால் சில நிமிட வேலை. காலை முதலில் வெதுவெதுப்பாக்குவார்கள். குதிகாலின் நடுவில் குத்தமாட்டார்கள். அங்கே எலும்பு மிக அருகில் இருக்கிறது. உள்ளங்காலின் இரு ஓரங்களில் ஒன்றில்தான் சின்ன ஊசிமுனையால் குத்துவார்கள். முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, அடுத்து வரும் பெரிய சொட்டைத் தாளில் அச்சடித்த வட்டத்தில் தொடவைப்பார்கள். ரத்தம் தாளின் மறுபக்கம் வரை ஊறவேண்டும். ஒரே வட்டத்தில் திரும்பத் திரும்பச் சொட்டுவிட்டால் அளவு தப்பிவிடும். மறுபடி எடுக்கவேண்டி வரும். அந்த நேரத்தில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே இருக்கலாமா என்று மிஸ்ஸியிடம் கேளுங்கள். தாய்ப்பால் குடித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு வலி குறைவாகத் தெரிகிறது என்பது ஆராய்ந்து கண்ட உண்மை.

அப்புறம் அந்தத் தாளை வெயில் படாமல், ஃபேன் காற்றோ அனலோ படாமல், படுக்கைவாட்டில் மூன்று நான்கு மணி நேரம் காயவிட வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் இது சின்ன விஷயமில்லை. ஈரமும் சூடும் பட்டால் சில நொதிகள் தாளிலேயே செத்துவிடும். பிள்ளையிடம் நொதி இருக்கும், தாளில் இருக்காது. கேலக்டோசீமியா, பயோட்டினிடேஸ் குறைபாடு போன்றவற்றில் தப்பான எச்சரிக்கை வர இது ஒரு காரணம்.

ஆய்வகத்தில் அந்தக் காய்ந்த சொட்டிலிருந்து மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு சின்ன வட்டம் வெட்டி எடுக்கிறார்கள். கத்ரியின் காலத்தில் ஒரு சொட்டுக்கு ஒரு நோய் என்றுதான் பார்க்க முடிந்தது. 1990-களில் டேண்டம் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி என்ற இயந்திரம் இந்த வேலைக்கு வந்தது. அது ரத்தத்திலுள்ள மூலக்கூறுகளை அவற்றின் எடையைக் கொண்டு பிரித்து, எது எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடும். இரண்டு மூன்று நிமிடத்தில் ஒரே சின்ன வட்டத்திலிருந்து முப்பது நாற்பது கோளாறுகளுக்கான தடயத்தைப் பார்த்துவிடலாம். எல்லாப் பிறவிக் கோளாறுகளும் இதில் அகப்படும் என்று நினைத்துவிடாதீர்கள். அகப்படாதவையும் உண்டு. முடிவு சரி என்று வந்த பிறகும் பிள்ளை துவண்டால் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும்.

நம் நாட்டில் இந்த விரிவான குதிகால் பரிசோதனை இடத்துக்கு இடம் மாறுகிறது. தனியார் மருத்துவமனையில் கேட்டுப் பணம் கட்டிச் செய்யலாம். அரசு மருத்துவமனையில், எங்கே பிறக்கிறது, குடும்பத்தில் முன்பு இப்படி நடந்திருக்கிறதா என்பதையெல்லாம் பொறுத்தது. அதனால் கர்ப்பம் ஏழெட்டு மாதம் ஆனதும் கிளினிக்கில் நேராகக் கேளுங்கள்: "கொடி ரத்தம் தவிர, குதிகாலில் எடுக்கும் வளர்சிதை மாற்றப் பரிசோதனை என் பிள்ளைக்கு உண்டா? எங்கே, எத்தனையாம் நாள்?" சுகப்பிரசவம் என்றால் அடுத்த நாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவது இப்போது வழக்கம். 24 மணி நேரம் ஆவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டால், திரும்ப எப்போது வரவேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முதல் பத்து நாளில் மிஸ்ஸி வீட்டுக்கே பலமுறை வருவார். அது நம் நாட்டுச் சுகாதாரத் துறை நமக்குத் தந்திருக்கும் பெரிய வசதி. வீட்டு முகவரி மாறியிருந்தால், தாய்வீட்டில் பிரசவம் பார்ப்பதாக இருந்தால், அவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சரியான கைபேசி எண்ணைக் கொடுப்பதும் அவ்வளவு முக்கியம். ஆய்வகத்தில் அளவு அதிகம் என்று தெரிந்து, கூப்பிட்டால் எடுக்க ஆளில்லை என்றால் பரிசோதனை செய்து என்ன பயன்?

அப்படி ஒரு அழைப்பு வந்தால் வீடே கலங்கிவிடும். இதைப் பொறுமையாகப் படியுங்கள்: கூப்பிட்டார்கள் என்றால் நோய் உறுதி என்று அர்த்தமில்லை. இது சல்லடை மாதிரியான முதல் பார்வை. ஒரு பிள்ளையையும் தவறவிடக்கூடாது என்பதற்காக அளவைக் கொஞ்சம் இறுக்கமாகவே வைத்திருக்கிறார்கள். திரும்பக் கூப்பிடப்படும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இரண்டாவது பரிசோதனையில் ஒன்றும் இருக்காது. குறைமாதத்தில் பிறந்திருக்கலாம், கல்லீரல் இன்னும் பக்குவப்படாமல் இருக்கலாம், தாள் ஈரமாகியிருக்கலாம். சில நேரம் காரணம் தாயிடம் இருக்கும். வருடக்கணக்கில் மீன், முட்டை, இறைச்சி தொடாத தாய்க்கு வைட்டமின் பி12 குறைவாக இருந்தால், பிள்ளையின் ரத்தத்தில் மெத்தில்மலோனிக் அசிடீமியா என்ற கோளாறைப் போன்ற அளவுகள் வரும். தாய்க்கும் பிள்ளைக்கும் பி12 கொடுத்தால் சரியாகிவிடும். பிள்ளையின் குதிகாலில் எடுத்த ரத்தம் தாயின் குறையைக் கண்டுபிடித்துக் கொடுப்பது எனக்கு இன்றும் வியப்பான விஷயம்.

ஆனால் "பெரும்பாலும் ஒன்றும் இருக்காது" என்பது போகாமல் இருப்பதற்குக் காரணம் ஆகாது. அழைத்த அன்றே கிளம்புங்கள். நல்ல நாள் பார்க்க வேண்டாம், தீட்டுக் கழியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அழைப்பே வராவிட்டாலும், பிள்ளை பால் குடிக்க மறுத்து, எழுப்ப முடியாமல் தூங்கி, விடாமல் வாந்தி எடுத்து, மூச்சு வேகமாக வாங்கினால் அதே நாளில், இரவானாலும், அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். உரைமருந்து கொடுத்துப் பார்க்கலாம், வேப்பிலை அடித்துப் பார்க்கலாம் என்று ஒரு ராத்திரி தள்ளிப்போட்டால் மூளை அந்த ராத்திரியிலேயே போய்விடக்கூடும். ரத்தத்தில் அம்மோனியாவும் சர்க்கரையும் பார்த்தீர்களா என்று டாக்டரிடம் மரியாதையாகக் கேட்கலாம். இந்தக் கோளாறுகள் வெளியே பார்க்கத் தொற்றுநோய் மாதிரியே இருக்கும் என்பது டாக்டர்களுக்கும் தெரியும். ஒரு கேள்வி அவர்களுக்கு நினைவூட்டும்.

நோய் உறுதியானால் என்ன செய்வார்கள்? பெயருக்கு ஏற்றபடி மாறும். பயோட்டினிடேஸ் குறைபாட்டுக்கு பயோட்டின் என்ற வைட்டமினைத் தினமும் கொடுத்தால் போதும், வேறு பத்தியமே இல்லை. எம்சிஏடி பிள்ளையை வெறும் வயிற்றோடு நீண்ட நேரம் விடக்கூடாது, அவ்வளவுதான். மேப்பிள் சிரப் நோய்க்கும் பினைல்கீட்டோனூரியாவுக்கும், உடைபடாத அமினோ அமிலத்தை நீக்கித் தயாரித்த தனிப் பால்மாவு கொடுப்பார்கள். அதோடு அளந்து கொஞ்சம் தாய்ப்பாலும் கொடுக்கலாம். கேலக்டோசீமியாவில் மட்டும் தாய்ப்பாலை நிறுத்தியே ஆகவேண்டும். சோயா மாவு போன்றவைதான் கொடுக்க வேண்டும். தாய்ப்பாலே மருந்து என்று நம்பி வளர்ந்த நமக்கு இது நெஞ்சை அறுக்கும் செய்தி. மாமியாரோ அக்காவோ "ஒரு வாய் குடுத்தா என்ன ஆயிடும்" என்று சொன்னால், டாக்டர் எழுதியதைக் காட்டி உறுதியாக மறுக்க வேண்டியது கணவனின் பொறுப்பு. பச்சை உடம்புக்காரியைத் தனியாகப் போராட விடக்கூடாது.

பிள்ளை வளர்ந்து சோறு சாப்பிடும்போது புரதத்தைக் கட்டுப்படுத்த வேண்டிய கோளாறுகளில், பருப்பு, முட்டை, தயிர், கோழி, தெம்பே எல்லாவற்றுக்கும் கணக்கு வரும். சோற்றையும் அளந்துதான் கொடுப்பார்கள். நம் சமையலில் இதற்கு இடமிருக்கிறது. ஜவ்வரிசியிலும் மரவள்ளிக்கிழங்கிலும் புரதம் மிகக் குறைவு. பூசணி, சுரைக்காய், கத்தரிக்காய், பழங்கள் இருக்கின்றன. உணவு ஆலோசகரோடு உட்கார்ந்து, நம் வீட்டில் உண்மையில் சமைப்பதைச் சொல்லித் திட்டம் போட வேண்டும். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் போட்ட அட்டவணையை வாங்கிவந்து என்ன செய்வது? ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: காய்ச்சல், வாந்தி நாட்கள்தான் அதிக ஆபத்து. சாப்பிடாதபோது உடம்பு தன் சொந்தத் தசையையே உடைக்கத் தொடங்கும். அதிலிருந்தும் அதே நஞ்சு வரும். அதனால் சிறப்பு மருத்துவர் ஓர் அவசரக் கடிதம் கொடுப்பார். அதில் நோயின் பெயரும், உடனே ஏற்றவேண்டிய குளுக்கோஸ் விவரமும் இருக்கும். அதை சுகாதாரப் புத்தகத்திலேயே செருகி வையுங்கள். பாதி ராத்திரியில் சுங்கை சிப்புட் மருத்துவமனை அவசரப் பிரிவில் இருக்கும் இளம் டாக்டருக்கு அந்தக் கடிதம்தான் பேசும்.

இது எப்படி வருகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பழி எப்போதும் தாய் மேல்தான் விழுகிறது. ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதி. ஒன்று அப்பாவிடமிருந்து, ஒன்று அம்மாவிடமிருந்து. இந்தக் கோளாறுகளில் பெரும்பாலானவற்றில், ஒரு பிரதி பழுதாக இருந்தாலும் இன்னொன்று வேலையைப் பார்த்துக்கொள்ளும். அப்பாவும் அம்மாவும் பார்க்க நூறு சதவீதம் ஆரோக்கியம். இருவரிடமும் ஒரே மரபணுவில் ஒரு பழுது இருந்து, இரண்டு பழுதும் பிள்ளைக்குச் சேர்ந்தால்தான் நோய். ஒவ்வொரு கர்ப்பத்திலும் அதற்கு நான்கில் ஒரு வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, அதனால் அடுத்த மூன்றுக்கும் வராது என்று கணக்குப் போடக்கூடாது. ஒவ்வொரு முறையும் அதே நான்கில் ஒன்றுதான். ஜி6பிடி மட்டும் கொஞ்சம் மாறுபட்டது. அது எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண்பிள்ளைகளிடம் அதிகம் தெரிகிறது. கர்ப்பத்தில் சாப்பிட்டதோ, கிரகணத்தில் வெளியே போனதோ, வேலை செய்ததோ இதற்குக் காரணமே இல்லை.

சொந்தத்தில் கல்யாணம் செய்தால் இந்த வாய்ப்பு கூடுகிறது. அத்தை மகன், மாமன் மகள் என்றால் இருவரின் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கு ஒரே மூதாதையிடமிருந்து வந்தது. தாய்மாமனும் அக்காள் மகளும் என்றால் நான்கில் ஒரு பங்கு. இதே நாட்டின் 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம், நெருங்கிய உறவுத் திருமணங்களைத் தடுக்கும்போதே, இந்துக்கள் தங்கள் வழக்கப்படி அக்காள் மகளை மணப்பதற்கு விலக்கு அளித்திருக்கிறது. அந்தளவுக்கு இது நம்மிடம் ஊறிய பழக்கம். சொந்தத்தில் கட்டிய பெரும்பாலோருக்கு ஆரோக்கியமான பிள்ளைகள்தான் பிறக்கின்றன. ஏற்கெனவே கட்டியவர்களைக் குற்றவாளிகள் போலப் பார்ப்பதில் எனக்குச் சம்மதமில்லை. ஆனால் சொந்தத்தில் கட்டியிருந்தால் அதைக் கிளினிக்கில் மறைக்காமல் சொல்லுங்கள். கேட்பவர்கள் உங்களை எடைபோடக் கேட்கவில்லை. பிள்ளைக்கு எந்தப் பரிசோதனை அவசரம் என்று முடிவுசெய்யக் கேட்கிறார்கள்.

அதேபோல, முன்பு பிறந்த ஒரு பிள்ளை முதல் சில வாரங்களில் காரணம் தெரியாமல் இறந்திருந்தால், உங்களுக்கானாலும் சரி, அக்கா தங்கைக்கானாலும் சரி, அதைச் சொல்லத் தயங்க வேண்டாம். எத்தனையாம் நாள், எப்படித் தொடங்கியது, என்ன வாசம் வந்தது என்று பாட்டிமார்களுக்கு நினைவிருப்பதையெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். கோலாலம்பூர் துங்கு அசிசா மருத்துவமனையில் மரபியல் பிரிவு இருக்கிறது; ஈப்போவிலிருந்து டாக்டரின் கடிதத்தோடு போகலாம். எந்த மரபணுவில் பழுது என்று முன்பே தெரிந்திருந்தால், அடுத்த கர்ப்பத்தில் பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே பார்க்க வழி உண்டு. வேண்டாம் என்றால், பிறக்கப்போகும் மருத்துவமனைக்கு முன்கூட்டியே தெரிவித்து வைக்கலாம். அப்போது பிள்ளைக்கு முதல் நாளிலிருந்தே ரத்தம் பார்ப்பார்கள், முடிவு வரும் வரை என்ன பால், எவ்வளவு என்று எழுதிக் கையில் கொடுத்திருப்பார்கள், தனிப் பால்மாவும் தயாராக இருக்கும்.